சென்னை வீட்டுல சின்னதா ஒரு ரீஃப் டேங்க், கடல்ல இருந்து ஒரு கல்லு கூட எடுக்காம

நன்னீர் மீன் தொட்டி வச்சு நல்லா பழகிட்டவங்க அடுத்து ஆசைப்படுறது பெரும்பாலும் கடல் தண்ணி டேங்க் தான், அதுலயும் வெறும் மீன் மட்டும் இல்லாம பவளமும் சேத்து வளர்க்குற ரீஃப் டேங்க். இத பத்தி வீடியோ தேடுனா கொட்டிக் கிடக்கும், ஆனா முக்கால்வாசி குளிர் நாட்டுல எடுத்தது, அவங்க எந்த ஹீட்டர் நல்லதுன்னு பேசிட்டு இருப்பாங்க, நமக்கு மே மாசம் தண்ணிய எப்படி ஆற வைக்கிறதுங்கறது தான் கவலை. அவங்க கடைக்கு போயி பிடிச்ச பவளத்த வாங்கிட்டு வந்துருவாங்க, இங்க சட்டம் அப்படி இல்ல. அதனால சென்னைல ஒரு சாதாரண ஃப்ளாட்ல, 2 அடி நீள டேங்க்ல, எத எப்படி செய்யணும்னு முழுசா எழுதுறேன். மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆளுங்களுக்கும் பெரும்பாலும் இதே தான்.

சட்டத்த முதல்ல பேசிடுவோம், ஏன்னா கடைல இத யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல. கல்லு மாதிரி எலும்புக்கூடு கட்டுற எல்லா பவளமும், கூடவே கடல் விசிறி, கருப்பு பவளம், நெருப்பு பவளம், ஆர்கன் பைப் பவளம் எல்லாம் 2001ல இருந்தே 1972ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு. புலியும் யானையும் இருக்குற அதே அட்டவணை. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் இதே சட்டத்துல பாதுகாப்பு உண்டு. செத்துப்போன பவள எலும்புக்கூடும் இதுக்குள்ள வந்துரும், அதனால "டெட் கோரல்", "லைவ் ராக்"னு சொல்லி சாக்குல கட்டி விக்கிற வெள்ளைக் கல்ல எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் வாங்காதீங்க. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மன்னார் வளைகுடால ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு இருந்துச்சு, 1986ல அந்த இடத்த கடல் தேசிய பூங்கான்னு அறிவிச்சாங்க, ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு கடலுக்குள்ள முங்கியே போச்சு. நம்ம கரைலயே இது நடந்திருக்கும்போது வீட்டு ஹால்ல அழகுக்கு வைக்க இன்னொரு துண்டு அங்கிருந்து வரவே கூடாது, இதுல எனக்கு சமரசமே கிடையாது.

அப்போ எத தான் வளர்க்குறது? எலும்புக்கூடு கட்டாத வகைங்க இருக்கு. மஷ்ரூம், ஸோவாந்திட், லெதர் கோரல், கென்யா ட்ரீ, ஸீனியா, கிரீன் ஸ்டார் பாலிப். இதெல்லாம் ஏற்கனவே டேங்க்ல வளர்ந்த தாய்ல இருந்து வெட்டி ஒட்டின துண்டா கிடைக்கும், அத ஃப்ராக்னு சொல்லுவோம். வாங்கும்போது எங்க வளர்ந்ததுன்னு கேளுங்க, பில்லு கேளுங்க, பதில் மழுப்பலா வந்தா வேணாம்னு வந்துருங்க. ஏற்கனவே ரீஃப் டேங்க் வச்சிருக்கவங்க கிட்ட இருந்து வாங்குறது இன்னும் நல்லது, தாய் கண்ணு முன்னாடியே இருக்கும், என்ன லைட்டுல எந்த மூலைல வளர்ந்துச்சுன்னும் தெரிஞ்சுடும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எப்படியும் இந்த வகை தான் ஒத்து வரும்.

இப்போ டேங்க். சின்ன டேங்க்னா சுலபம்னு நினைக்காதீங்க, தண்ணி கம்மியானா எல்லாமே சட்டுசட்டுனு மாறும். 2 அடி நீளம், 15 இன்ச் அகலம், 15 இன்ச் உயரம், இது மொத்தம் 88 லிட்டர் வரும், கல்லு மண்ணு போக, மேல கொஞ்சம் காலியா விட்டது போக, 75 லிட்டர் தண்ணின்னு வச்சுக்கலாம். இதுக்கு கீழ முதல் டேங்க் வேணாம். கண்ணாடி 8 எம்எம் போடச் சொல்லுங்க. தண்ணி, கல்லு, மண்ணு, கண்ணாடி எல்லாம் சேந்து 110 கிலோவ தாண்டிரும், அதனால டிவி ஸ்டாண்ட், ப்ளைவுட் மேஜைன்னு எது மேலயும் வைக்காதீங்க, இரும்பு ஃப்ரேம் அடிச்சு மேல பலகை போட்டு, ஸ்பிரிட் லெவல் வச்சு பாத்து, கண்ணாடிக்கு கீழ ஒரு ஃபோம் ஷீட் விரிச்சு வைங்க. வெயில் நேரா விழற ஜன்னல் பக்கம் கூடவே கூடாது. கொளத்தூர் பக்கம் போனா சொன்ன அளவுக்கு கண்ணாடி ஒட்டி குடுப்பாங்க, ஒட்டினதும் வீட்டுக்கு கொண்டு வந்து பால்கனில வச்சு சாதா தண்ணி ரொப்பி ரெண்டு நாள் கசிவு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் உள்ள கொண்டு போங்க.

அடுத்து சூடு. நம்ம ஊர்ல ரீஃப் டேங்க் நிக்கிறதும் விழறதும் இதுல தான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். தண்ணி 25ல இருந்து 27 டிகிரி வரைக்கும் இருக்கணும். பவளத்தோட சதைக்குள்ள ஒரு நுண்ணிய பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல சமைச்சு குடுக்குறது தான் பவளத்துக்கு பெரும்பாலான சாப்பாடு, நிறமும் அதுனால தான். தண்ணி 30, 31ன்னு பல நாள் நின்னா பவளம் அந்த பாசிய வெளிய தள்ளிரும், வெளுத்துப் போகும், திரும்ப சேராட்டி பட்டினில செத்துரும். 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடால பவளம் வெளுத்தது இதனால தான், வீட்டு டேங்க்லயும் அதே கதை தான் நடக்கும். ஏப்ரல், மே மாசத்துல நம்ம ஹால்ல மத்தியானம் 34 டிகிரி சர்வசாதாரணம், அதுக்கு மேல பம்பும் லைட்டும் தன் பங்குக்கு சூட்ட ஏத்தும்.

குறைஞ்ச செலவு வழி ஃபேன். தண்ணி மேல் பரப்புல சாய்வா காத்து அடிக்கிற மாதிரி ஒரு க்ளிப் ஃபேன், இல்ல ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போகும்போது 75 லிட்டர் தண்ணிய ஏழு டிகிரிக்கு மேல குளிர வைக்கிற அளவு சூட்ட எடுத்துட்டு போகும், ஆனா ரூம் சூடு திரும்ப உள்ள ஏத்திக்கிட்டே இருக்குறதால கணக்குல வர்றது ரெண்டு, மூணு டிகிரி தான். மதுரை மாதிரி காய்ஞ்ச ஊர்ல ஃபேன் நல்லா வேலை செய்யும். சென்னைல கடக்காத்து வந்ததும் மனுஷனுக்கு இதமா இருக்கும், ஆனா காத்துல ஈரம் ஏறிடுச்சுன்னா ஆவியாகுறது குறைஞ்சு ஃபேனோட பலமும் குறையும். ஹால் 34ல இருந்தா ஃபேன் மட்டும் வச்சு 27க்கு கொண்டு வர்றது நடக்காது. பகல் முழுக்க ஏசி ஓடுற ரூம் இருந்தா டேங்க அங்க வைங்க, இல்லாட்டி தண்ணிய குளிர வைக்கிற மெஷின், சில்லர், 10ல 1 பங்கு ஹெச்பில ஒண்ணு வாங்கியே ஆகணும். சில்லர் விலை டேங்க் விலைய விட பல மடங்கு வரும். அத வாங்க இப்போ வசதிப்படலன்னா டேங்க் வாங்குறத தள்ளிப் போடுங்க, மழைக்காலத்துல ஆரம்பிச்சு மே மாசம் பாத்துக்கலாம்னு இறங்காதீங்க. சில்லர் வாங்கினா அதோட சூடான காத்து வெளியேற இடம் இருக்கணும், டேங்க்குக்கு கீழ கதவு மூடின கப்போர்டுக்குள்ள வச்சா அது தன் சூட்டுலயே திணறும். ஹீட்டர் சென்னைக்கு தேவையில்ல. கோயம்புத்தூர், ஊட்டி ஆளுங்க வாங்கிக்கோங்க.

தண்ணிக்கு வருவோம். பெசன்ட் நகர் பீச் பக்கத்துல தான் வீடு, ஒரு குடம் மொண்டு வந்தா போதாதான்னு தோணும். வேணாம். அடையாறும் கூவமும் கொண்டு வந்து கொட்டுறது அந்த கரைல தான், வடகிழக்கு மழை நேரத்துல கரையோர உப்பும் இறங்கிரும், இன்னைக்கு இருக்குற தண்ணி நாளைக்கு இருக்காது. உப்பு பாக்கெட் வாங்கி நாமளே கலக்குறது தான் சரி, ரெட் ஸீ, இன்ஸ்டன்ட் ஓஷன், ட்ராபிக் மரின்னு எதாவது ஒரு ரீஃப் உப்பு, அடிக்கடி பிராண்ட் மாத்தாதீங்க. சமையல் உப்பு, கல்லுப்பு எல்லாம் சோடியம் குளோரைடு மட்டும் தான், கடல் தண்ணில இருக்குற கால்சியம், மெக்னீசியம் எதுவும் அதுல போதுமான அளவு வராது.

உப்ப கலக்குற தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல, அதாவது தண்ணில கரைஞ்சிருக்குறத அளக்குற மீட்டர்ல, 0 காட்டணும். வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணி போதுமேன்னு பல பேர் கேக்குறாங்க. அதுல பாதி மெஷின்ல டிடிஎஸ் கண்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், ருசிக்காக வடிகட்டாத தண்ணிய கொஞ்சம் திரும்ப கலந்து விடும், சிலதுல மினரல் சேக்குற கேட்ரிட்ஜ் வேற. மீட்டர வச்சு பாத்தா 50, 80ன்னு காட்டும். அதுல வர்ற சிலிக்காவும் பாஸ்பேட்டும் நேரா பாசிக்கு தான் சாப்பாடு. ஆர்ஓ மெம்ப்ரேன்ல இருந்து வர்ற தண்ணிய, மிச்சம் கரைஞ்சிருக்குறதையும் புடிச்சுக்குற டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் வழியா விட்டு எடுக்கணும், ரெசின் நிறம் மாறுற வகையா வாங்கினா எப்போ தீர்ந்துச்சுன்னு பாத்தாலே தெரியும். கேன் தண்ணி வேணாம், அதுலயும் மினரல் சேக்குறாங்க.

கலக்குற முறை முக்கியம். ஒரு பெரிய டிரம்ல முதல்ல தண்ணி, அதுல ஒரு பம்ப ஓட விட்டு, அப்புறம் உப்ப கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. உப்ப கீழ கொட்டிட்டு மேல தண்ணி ஊத்தினா அடில ஒரே இடத்துல அடர்த்தி ஏறி கால்சியம் கார்பனேட் வெள்ளையா படிஞ்சிரும், அது அப்புறம் கரையாது, அந்த கால்சியம் போனது போனது தான். லிட்டருக்கு 37 கிராம் கணக்கு, 75 லிட்டருக்கு கிட்டத்தட்ட 2.8 கிலோ. தூவின உடனே தண்ணி பால் மாதிரி மங்கும், பயப்படாதீங்க, ராத்திரி முழுக்க ஓடினா காலைல தெளிஞ்சிரும். அப்புறம் உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல ரெண்டு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாருங்க, நீலமும் வெள்ளையும் பிரியிற கோடு 35 பிபிடில (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) நிக்கணும், ஸ்பெசிஃபிக் கிராவிட்டில 1.026. ரிஃப்ராக்டோமீட்டர 35 பிபிடி காலிப்ரேஷன் கரைசல் வச்சு சரி பண்ணுங்க, சும்மா தண்ணில 0 வச்சு மட்டும் சரி பண்ணினா 35 கிட்ட தப்பா காட்ட வாய்ப்பு உண்டு.

டேங்க்ல தண்ணி குறையும்போது ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே நிக்கும். இத மனசுல பதிய வச்சுக்கோங்க. ஃபேன் ஓடுற டேங்க்ல ஒரே நாள்ல 3 லிட்டர் போயிடும், அப்போ 35 இருந்த உப்பு 36.5 ஆயிரும். அதனால தினமும் குறைஞ்ச அளவுக்கு டிடிஎஸ் 0 நல்ல தண்ணிய தான் ஊத்தணும், உப்பு தண்ணிய ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். ஆட்டோ டாப் ஆஃப்னு ஒரு சென்சாரும் குட்டி பம்பும் சேந்த செட் விக்கிறாங்க, அலங்காரத்துக்கு செலவு பண்ற காச இதுல போடுங்க. பவளம் 34 பிபிடிலயும் இருக்கும் 36லயும் இருக்கும், தினம் மேலயும் கீழயும் ஆடுறத தான் அதால தாங்க முடியாது.

கல்லுக்கு, பவளத்துல இருந்து வராத, செராமிக்லயோ சிமெண்ட்லயோ வார்த்த செயற்கை ரீஃப் ராக் வாங்குங்க, 8 கிலோ போதும். சிமெண்ட் கல்லுன்னா பல வாரம் தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு பிஹெச் இறங்கிருச்சான்னு பாத்துட்டு போடணும். அடுக்கும்போது பின் கண்ணாடிய ஒட்டி மதில் மாதிரி அடுக்காதீங்க, ரெண்டு குன்றா பிரிச்சு, சுத்தி தண்ணி ஓட இடம் விட்டு, கல்லையும் கல்லையும் எப்பாக்ஸி புட்டியால ஒட்டுங்க. கல்ல முதல்ல கண்ணாடி மேல நேரா உக்கார வச்சுட்டு அப்புறம் மணல போடணும், மணல் மேல கல்ல வச்சா தோண்டுற மீன் அடிய பறிச்சு சரிய விட்ரும். மணல், அரகோனைட்ங்கற சுண்ணாம்பு மணல், ஒரு இன்ச் கனம். கடற்கரை மணல் வேணாம், அலை ஒதுங்கின இடத்துல கருப்பு கோடா தெரியுமே, அது கார்னெட், இல்மனைட், மேக்னடைட் மாதிரி கனிமங்க, காந்தம் வச்சா கொஞ்சம் ஒட்டவே செய்யும், அதெல்லாம் ரீஃப் டேங்க்குக்குள்ள போகக் கூடாது.

தண்ணி ஓட்டத்துக்கு வேவ்மேக்கர், மணிக்கு 2000ல இருந்து 2500 லிட்டர் தள்ளுற மாதிரி, வேகம் கூட்டி குறைக்கிற வசதியோட. மேல் பரப்பு நல்லா கலங்கிட்டே இருக்கணும், ஆக்சிஜன் அங்க தான் ஏறுது. ஃபில்டர்னா டேங்க் பின்னாடி தொங்க விடுற ஹேங் ஆன் வகை போதும், உள்ள பஞ்சு, அத ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ மாத்தணும், கூட கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன். லெதர் கோரல் வைக்கிறதா இருந்தா கார்பன விடவே கூடாது, ஏன்னா அது பக்கத்துல யாரும் வளர விடாம தண்ணில ரசாயனம் கக்கும். நுரை கிளப்பி அழுக்க எடுக்குற ஸ்கிம்மர் இந்த அளவு டேங்க்குக்கு கட்டாயம் இல்ல. லைட் 420ல இருந்து 460 நானோமீட்டர் வரைக்கும் நீலம் தூக்கலா இருக்குற ரீஃப் எல்இடி, டைமர் போட்டு ஒரு நாளைக்கு 8 மணி நேரம். சாதா வெள்ளை எல்இடில மீன் தெரியும், பவளம் சரியா வளராது. முதல்ல பாதி வெளிச்சத்துல ஆரம்பிச்சு சில வாரத்துல மெதுவா கூட்டுங்க, மென்மையான இந்த வகைங்களுக்கு முழு வெளிச்சம் எப்பவுமே தேவைப்படாமலும் போகலாம்.

கரண்ட் விஷயம். உப்பு தண்ணி கரண்ட நல்லா கடத்தும். எல்லா வயரும் ப்ளக்குக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கீழ தொங்கி மேல ஏறணும், அப்போ தான் வயர் வழியா வழியிற தண்ணி ப்ளக்குக்குள்ள போகாம தரைல சொட்டும். கரண்ட் கசிஞ்சா தானா அணைக்குற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்குற லைன்ல மட்டும் போடுங்க, இல்லாட்டி எலக்ட்ரீஷியன கூப்பிட்டு போட்டுட்டு அப்புறம் தண்ணி ரொப்புங்க. கைய உள்ள விடுறதுக்கு முன்னாடி சுவிட்ச அணைங்க.

எல்லாம் ஓட ஆரம்பிச்சாச்சு, தண்ணி தெளிவா இருக்கு, இப்போ மீன் வாங்க கை பரபரக்கும். இங்க தான் நிக்கணும். மீன் கழிவுல இருந்து வர்ற அமோனியா கொல்லும், கடல் தண்ணில பிஹெச் 8.2 கிட்ட இருக்குறதால அதோட விஷம் இன்னும் அதிகம். அத நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்த இன்னொரு பாக்டீரியா, ரெண்டும் கல்லுலயும் மணல்லயும் குடியேறணும், அதுக்கு பேர் தான் சைக்கிள். அமோனியம் குளோரைடு கரைசல் வாங்கி 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வர்ற அளவுக்கு விடுங்க, பாட்டில் பாக்டீரியா கிடைச்சா அதையும் ஊத்துங்க. டெஸ்ட் ட்யூப்ல அமோனியா பச்சையா காட்டும், நாள் போகப் போக மஞ்சளுக்கு இறங்கும், அந்த நேரத்துல நைட்ரைட் ஊதா நிறத்துல எகிறும், அப்புறம் அதுவும் இறங்கும். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் பொய்யா அதிகமா காட்டும், அத கண்டுக்காதீங்க. 2 பிபிஎம் அமோனியா விட்டு 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் 0 ஆச்சுன்னா சைக்கிள் முடிஞ்சுது. பொதுவா 3ல இருந்து 6 வாரம். இந்த வேலைக்கு ஒரு மீன உள்ள விட்டு அது தாங்குதான்னு பாருங்கன்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க, ஒரு உயிர விஷத்துல நிக்க வைக்கிறதுக்கு எந்த அவசியமும் இல்ல. லைட் இந்த நாள்ல எல்லாம் அணைஞ்சே இருக்கட்டும்.

லைட் போட்டதும் மணல் மேல காப்பித்தூள் கொட்டின மாதிரி பழுப்பு படியும், டயாட்டம், அது தானா போகும். அப்புறம் பச்சை முடி பாசி வரலாம், கையால பிடுங்குங்க. முதல் மூணு நாலு மாசம் டேங்க் அசிங்கமா தான் இருக்கும், எல்லா டேங்க்கும் இப்படி தான். மருந்து ஊத்தி ஒரே நாள்ல சரி பண்ண பாக்காதீங்க. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0க்கு கொண்டு போறதும் தப்பு, ரெண்டும் 0 ஆன டேங்க்ல டைனோஃப்ளாஜெல்லேட்னு ஒண்ணு வரும், பழுப்பா, சளி சளியா, நுனில காத்துக் குமிழி கோத்துக்கிட்டு, அது முடி பாசிய விட பெரிய தலைவலி. நைட்ரேட் 5, 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் இருந்தா நிம்மதியா இருங்க. இந்த கட்டத்துல செரித், நசாரியஸ் மாதிரி சின்ன நத்தையும் ரெண்டு மூணு துறவி நண்டும் விடலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கூடை கூடையா கொட்ட வேணாம், பாசி தீர்ந்ததும் பட்டினி கிடந்து சாகும்.

மீன். இந்த டேங்க்குக்கு ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ், கூட கோபிங்கற சின்ன மீன் ஒண்ணு, அவ்வளவு தான். க்ளவுன் தொட்டில பொரிஞ்சதா பாத்து வாங்குங்க, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்துலயே இத தொட்டில முட்டையிட வச்சு குஞ்சு வளர்த்து காட்டியிருக்கு, கடல்ல வலை போட்டு புடிக்க வேண்டிய தேவையே இல்லாத மீன் இது. தொட்டில பிறந்தது பெல்லட்டும் உடனே சாப்பிடும். ரெண்டு சின்னதா, ஒண்ண விட ஒண்ணு கொஞ்சம் பெருசா வாங்குங்க, க்ளவுன் எல்லாமே ஆணா தான் ஆரம்பிக்கும், பெருசா அதிகாரம் பண்றது பெண்ணா மாறிக்கும், ஜோடி தானா அமைஞ்சிரும். சினிமால பாத்த நீல மீன் ப்ளூ டாங் வேணும்னு பிள்ளைங்க கேப்பாங்க, அது ஒரு அடி வரைக்கும் வளரும், நாள் முழுக்க நீந்துற மீன், 2 அடி டேங்க்ல போடுறது அதுக்கு ஜெயில். மாண்டரின் மீனும் வேணாம், அது உயிரோட இருக்குற கோபிபாட்ங்கற நுண்ணிய உயிரினத்த தேடித்தேடி திங்கும், புது டேங்க்ல அது கிடைக்காம மெலிஞ்சே செத்துரும். க்ளவுனுக்கு அனிமோன்ங்கற பூ மாதிரி கடல் உயிரி இருந்தா தான் வாழும்னு சொல்றது உண்மையில்ல. அனிமோன் நடக்கும், ராத்திரில நடந்து போயி வேவ்மேக்கர்ல மாட்டி கூழாச்சுன்னா டேங்க் மொத்தமும் கெடும். முதல் வருஷம் அது பக்கமே போகாதீங்க.

புதுசா வர்ற மீன நேரா டேங்க்ல விடக் கூடாது. ஒரு 30 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ரெண்டு பிவிசி பைப் துண்டு, அதுல ஒரு மாசம் வச்சு பாருங்க. ஸ்பாஞ்ச முன்னாடியே பெரிய டேங்க்ல ஊற வச்சு பாக்டீரியா ஏத்திக்கணும். மேல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா மரைன் இக், அதுக்கு மருந்து செம்பு. செம்பு அந்த தனித் தொட்டில மட்டும் தான், ரீஃப் டேங்க்ல ஒரு சொட்டு விட்டாலும் நத்தை, நண்டு, பவளம் எல்லாத்துக்கும் ஆபத்து. பெரிய டேங்க்ல இந்த நோய் நுழைஞ்சுட்டா எல்லா மீனையும் வெளிய எடுத்துட்டு 76 நாள் டேங்க மீன் இல்லாம காலியா விடச் சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடியே ஒரு மாசம் பொறுத்துக்குறது எவ்வளவோ மேல்.

மீன் செட்டான பிறகு பவளம். முதல் துண்டு மஷ்ரூம். கீழ, ஓட்டம் கம்மியான, வெளிச்சம் மங்கலான இடத்துல வைங்க. கொண்டு வந்ததும் பையோட 20 நிமிஷம் தண்ணில மிதக்க விட்டு சூட்ட சமமாக்கி, டேங்க் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா சேத்து, அப்புறம் கோரல் டிப் கரைசல்ல பாட்டில்ல போட்டிருக்குற நேரம் முக்கி எடுங்க, முக்கும்போது ஒளிஞ்சிருக்குற புழு பூச்சி எல்லாம் விழறத கண்ணால பாக்கலாம். பை தண்ணிய டேங்க்ல ஊத்தாதீங்க. கண்ணாடி மாதிரி மெல்லிசா, பழுப்பு கையோட ஒரு குட்டி அனிமோன் கல்லுல ஒட்டியிருந்தா அது ஐப்டேசியா, பிச்சா பிச்ச துண்டெல்லாம் வளரும், அந்த ஃப்ராக் அடிக்கல்லையே தூக்கி போட்டுட்டு புதுக்கல்லுல ஒட்டுங்க.

லெதர் கோரல் சில சமயம் நாலஞ்சு நாள் சுருங்கி, மேல பளபளன்னு மெழுகு பூசின மாதிரி ஒரு தோல் ஏறி, செத்துருச்சோன்னு நினைக்கிற மாதிரி நிக்கும். அது தோல் உரிக்குது. ஓட்டத்த கொஞ்சம் அதிகமா பட விடுங்க, அந்த படலம் கிழிஞ்சு கிழிஞ்சு பறக்கும், அடுத்த நாள் முன்ன விட நல்லா விரிஞ்சு பாலிப் எல்லாத்தையும் நீட்டும். அத தொட்டு தொட்டு இடம் மாத்தினா தான் சாகும். கிரீன் ஸ்டார் பாலிப்ப முக்கிய கல்லுல ஒட்டாதீங்க, அருகம்புல்லு மாதிரி படர்ந்து மத்த எல்லாத்தையும் மூடிரும், தனியா ஒரு கல்ல மணல் மேல வச்சு அதுல விடுங்க. ஸீனியாவும் அப்படி தான், ஆனா அது கைய விரிச்சு மூடி விரிச்சு மூடி துடிக்கிறத பாத்துட்டே உக்காந்திருக்கலாம்.

ஸோவாந்திட் பத்தி ஒரு எச்சரிக்கை, இத லேசா எடுக்காதீங்க. இந்த குடும்பத்துல சிலதுக்கு பேலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு. வெட்டும்போதும் தொடும்போதும் கிளவுஸ் கட்டாயம், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், கைல காயம் இருந்தா அன்னைக்கு வேணாம். அது ஒட்டியிருக்குற கல்ல சுத்தம் பண்றேன்னு வெந்நில போடுறதோ கொதிக்க வைக்கிறதோ கூடவே கூடாது, அந்த ஆவிய சுவாசிச்சு குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்கு போன சம்பவங்க வெளிநாட்டுல நடந்திருக்கு. குழந்தைங்க கைய விடாம டேங்க்குக்கு மூடி போடுங்க, வலை மூடி போட்டா காத்தும் போகும், மீனும் வெளிய குதிக்காது.

இனி வாராவாரம் செய்ய வேண்டியது. 7, 8 லிட்டர் தண்ணிய எடுத்துட்டு முந்தின ராத்திரியே கலந்து வச்ச அதே உப்பு, அதே சூடு இருக்குற புது தண்ணிய விடுங்க. அல்கலினிட்டி, அதாவது தண்ணியோட காரத்தன்மைய பாருங்க, டிகேஹெச்ங்கற அளவுல 8ல இருந்து 9, அது வாரத்துக்கு வாரம் அங்கயே நின்னா போதும். கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம், இத மாசம் ஒரு தடவ பாத்தா போதும், இந்த மென்மையான வகைங்களுக்கு தண்ணி மாத்துறதுலயே வேண்டியது கிடைச்சிரும், பாட்டில் பாட்டிலா எதையும் ஊத்த தேவையில்ல. சாப்பாடு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. எந்த மாத்தம் செஞ்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் செஞ்சுட்டு ஒரு வாரம் பொறுங்க, லைட்டையும் உப்பையும் ஓட்டத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது எத கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

கரண்ட் போச்சுன்னா முதல்ல தீர்றது ஆக்சிஜன். வேவ்மேக்கர் எடுக்குறது சொற்ப வாட்ஸ் தான், வீட்டு இன்வெர்ட்டர்ல மாட்டினா பல மணி நேரம் ஓடும், லைட்டயும் சில்லரயும் அதுல மாட்டாதீங்க. கரண்ட் போனதும் தானா ஓட ஆரம்பிக்கிற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணும் வாங்கி வைங்க. 2016 டிசம்பர்ல வர்தா வந்தப்பயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பயும் பல ஏரியால நாள் கணக்கா கரண்ட் இல்ல, அந்த மாதிரி நாள்ல மீனுக்கு சாப்பாட்ட நிறுத்திருங்க, பட்டினி ரெண்டு மூணு நாள் தாங்கும், அழுகுற சாப்பாடு ஆக்சிஜன இழுத்துக்கும். ஏர் பம்ப் இல்லாட்டி ஒரு மக்குல மொண்டு கொஞ்சம் உயரத்துல இருந்து திரும்ப ஊத்திக்கிட்டே இருங்க, அது கூட காப்பாத்தும்.

ஊருக்கு போறப்போ பக்கத்து வீட்டுல சொல்லிட்டு போறதா இருந்தா சாப்பாட்ட நாள் வாரியா சின்ன சின்ன டப்பால அளந்து வச்சுட்டு மிச்ச பாட்டில ஒளிச்சு வச்சிருங்க, பாவம் பசிக்குமேன்னு அள்ளிப் போட்டுருவாங்க. டாப் ஆஃப் தண்ணி கேன நிரப்பி, அதுக்கு மேல நல்ல தண்ணின்னு பெருசா எழுதி ஒட்டுங்க, உப்பு தண்ணி கேன வேற ரூம்ல வைங்க. கண்ணாடில ஒரு டேப் ஒட்டி தண்ணி எந்த கோட்டுல நிக்கணும்னு கோடு போட்டு காட்டுங்க, தெர்மாமீட்டர் 29 காட்டினா ஏசிய போட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்கன்னு சொல்லிட்டு கிளம்புங்க.